வராதவர்களின் வக்கீல்

டிராஃபிக் கோர்ட்டில், டிக்கெட் கொடுத்த போலீஸ்காரர் வராவிட்டால் நமக்கு விடுதலை. அமெரிக்காவுக்கு வந்த முதல் வருடத்திலேயே நம் ஆட்கள் மனப்பாடம் செய்துவிடுகிற சட்டம் இது ஒன்றுதான். அன்று காலை சான் ஹோசேயில் நானும் மேஜரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரையும் ஒரே வாரத்தில், ஃப்ரீவேயின் ஒரே இறக்கத்தில், மேம்பாலத்துக்குக் கீழே ஒளிந்து நின்று ஒரே போலீஸ்காரர் பிடித்திருந்தார். அவர் வரவில்லை. என் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். "அதிகாரி வரவில்லை, வழக்கு தள்ளுபடி" என்று நீதிபதி சொல்லி வாயை மூடுவதற்குள் நான் நன்றி சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

அடுத்து மேஜர். நீதிபதி அதே வாக்கியத்தைச் சொன்னார். மேஜர் நகரவில்லை.

"யுவர் ஆனர், அவர் வரலைன்னா அவர் தரப்பை யார் சொல்றது?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "யாரும் சொல்ல வேண்டியதில்லை. நீங்க போகலாம்."

"அது சரியா இருக்காதே. அனுமதி குடுத்தா நானே சொல்லிடறேன்."

சொன்னார். அந்த இறக்கத்தில் வண்டி தானாக வேகம் எடுக்கும், ஆகையால் போலீஸ் நிற்கவேண்டிய இடமே அதுதான். ஒளிந்து நின்றார் என்று சொல்வது அபாண்டம், வெயிலுக்காக நிழலில் நின்றார். மரியாதையாகப் பேசினார். பேனா எழுதாதபோதுகூட எரிச்சல்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "அவர் ரொம்பக் கவனமான அதிகாரி. என் மேல் வீட்டுக்காரரைக்கூட அதே வாரம் அங்கேதான் பிடிச்சார்" என்று திரும்பி, கையை நீட்டி என்னைக் காட்டினார். நீதிபதியும் திரும்பினார். நான் சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினேன். அன்று நான் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

"இவ்வளவு சொன்ன பிறகு உங்களை விட்டா நான் இந்த நாற்காலில உட்கார முடியாது" என்று நீதிபதி சிரித்துக்கொண்டே எட்டு மணி நேர டிராஃபிக் ஸ்கூலுக்கு எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை முழுக்க அங்கே போய் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்து, சந்தேகம் கேட்டு, "ரொம்ப நல்ல வகுப்பு" என்று திரும்பி வந்தார் மேஜர்.

அவர் கொரியாக்காரர். அந்த நாட்டில் உடம்பு நன்றாக இருக்கும் ஆண்கள் எல்லோரும் இளம் வயதில் இரண்டு வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்தாக வேண்டும். அத்தனை பேர் இருக்கும் இடத்தில் தப்புத் தண்டா நடக்கும் என்பதால் பட்டாளத்துக்கென்று தனியாக நீதிமன்றம், தனியாக வக்கீல்கள். மேஜர் அப்படிப்பட்ட ராணுவ வக்கீல். அமெரிக்கச் சட்டம் படித்து வரச்சொல்லி இரண்டு வருடத்துக்கு அவர்கள் ராணுவமே இங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தது. எங்கள் அபார்ட்மெண்டில் நாங்கள் இருந்தது மாடியில் இருநூற்றுப் பதினாலு. அவரும் அவர் மனைவியும் எங்களுக்கு நேர் கீழே நூற்றுப் பதினாலு. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஹலோ, டூ ஃபோர்ட்டீன்" என்பார்.

முதலில் பழக்கமானது துணி துவைக்கும் அறையில். என் மகள் நிலாவுக்கு அப்போது ஆறு வயது. கதவருகில் நின்று "அப்பா!" என்று கத்தினாள். நான் திரும்பினேன். பக்கத்து மெஷினில் சட்டையை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்த அவரும் திரும்பினார். அவர்கள் மொழியிலும் அப்பாவுக்கு அப்பாதானாம். அவருடைய மகள் பரீட்சை முடிக்கும்வரை பாட்டி வீட்டில் தங்கிக் கொரியாவிலேயே படித்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை யாராவது சத்தமாகச் சொல்லி அவர் கேட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. "இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்க" என்றார். நிலா வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பார், நாம் வைக்கிற மாதிரியே. அதனாலோ என்னவோ அவர் பேசியதெல்லாம் எனக்குத் தமிழில்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

பேசத் தொடங்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். கொஞ்ச நேரம் ஒரு பக்கத்தைப் பேசுவார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து மறுபக்கத்தைப் பேசுவார். வாய்ப்பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே நாற்காலியைத் தூக்குவார். என் மனைவி சுமதிக்குப் பொள்ளாச்சிப் பக்கம். போனில் என் அம்மா ஏதோ சொல்லிவிட்டார் என்று ஒருநாள் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜர் என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சாம்பார் சாதத்தை முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியைத் தூக்கினார்.

"ஏனுங்க, இந்த அநியாயத்தப் பாருங்க!" என்றாள் சுமதி என்னிடம். "நம்மூட்டுச் சோத்தத் தின்னுபோட்டு உங்கம்மாவுக்கு வக்காலத்து வாங்கறாரு!"

என் அம்மாவை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அன்று அவர் பேசியதில் பாதியைக்கூட மகனாக நான் என்றைக்கும் பேசியதில்லை.

இந்த மனிதர் எங்களுக்கு எவ்வளவு உதவினார், அவருக்கு அதனால் என்ன ஆயிற்று என்பதற்கு கிரைண்டர் விவகாரத்தைச் சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த கிரைண்டர் அது. சான் ஹோசே குளிரில் மாவு பொங்க ஒரு நாள் முழுசாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இட்லி என்றால் சனிக்கிழமை காலை ஆறரைக்கே ஆட்டியாக வேண்டும். இங்கே வீடுகள் மரத்தால் கட்டியவை. மேலே கல் சுற்றினால் கீழே கூரையே உருளும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அபார்ட்மெண்ட் மேனேஜர் அம்மாளிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. சத்தம் என்று புகார். எந்தச் சத்தம், எப்போது என்று அதில் இல்லை. நிலா குதிப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று சுமதி அவளை அடக்கினாள். இன்னொரு நோட்டீஸ். பிறகு மூன்றாவது. மூன்று புகார் சேர்ந்தால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அது கம்ப்யூட்டர் கம்பெனிகள் மழைக்காளான் மாதிரி முளைத்த காலம். காலியாகிற ஒரு வீட்டுக்கு இருபது பேர் விண்ணப்பத்தோடு நிற்பார்கள். சுமதிக்கு ஆறாவது மாதம். நிலாவின் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. அதைவிட்டால் எங்கே போவது? மேனேஜர் அம்மாளைப் பார்க்க நேரம் வாங்கினேன். படியில் மேஜரைப் பார்த்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் முகம் விளக்கு போட்டது மாதிரி ஆயிற்று.

"நான் வர்றேன், டூ ஃபோர்ட்டீன்."

கோட்டு, டை, மடிப்புக் கலையாத சட்டை. என்னையும் சுமதியையும் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, ஆபீஸ் மேஜையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். ஒருவரை வீட்டைவிட்டு அனுப்புவது பெரிய தண்டனை, குற்றம் என்ன என்றே சொல்லாமல் தண்டனை கொடுக்க முடியாது, குற்றம் சாட்டியவர் யார் என்று தெரிந்துகொள்ளக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை உண்டு என்று அடுக்கினார். எனக்கே நான் ஏதோ தேசத் தலைவர் மாதிரி இருந்தது.

மேனேஜர் அம்மாள் ஃபைலை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் சார். பேர் சொல்ற வழக்கம் இல்ல."

"சொல்லியே ஆகணும்."

"நீங்க கேக்காம இருந்தா நல்லது."

"கேக்கறேன். மூணாவது தடவையா கேக்கறேன்."

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டு ஃபைலை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மேஜர் குனிந்தார். மூன்று கடிதங்கள். நுணுக்கி நுணுக்கி, அடித்துத் திருத்தாமல் எழுதிய ஆங்கிலம். கீழே: நூற்றுப் பதினாலு. அவர் மனைவியின் கையெழுத்து.

மேஜர் ஒவ்வொரு கடிதத்தின் தேதியையும் விரலால் தொட்டார். பிறகு மெதுவாக எழுந்தார். நாற்காலியைத் தூக்கினார். மேனேஜர் அம்மாளுக்குப் பக்கத்தில், எங்களுக்கு எதிரே கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப புகார் குடுத்தவங்க தரப்பு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "என் மனைவி ஊர்ல பியானோ சொல்லிக்குடுத்தவங்க. காது ரொம்ப நுணுக்கம். இங்கே பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவா இருக்கும்னு காதுல மாட்டிக்கிட்டு, சத்தமே வெளிய வராம வாசிக்கறாங்க. மகள் இல்ல. பாஷை இல்ல. ஒரு நாளைக்கு அவங்க பேசற ஒரே ஆள் நான். சனிக்கிழமை சத்தத்தைப் பத்தி என்கிட்ட மூணு தடவை சொன்னாங்க. மூணு தடவையும் நான் நாற்காலியத் தூக்கிட்டுப் போய் மேல் வீட்டுக்காரங்க தரப்பை எடுத்துச் சொன்னேன். இந்த மூணு கடிதமும் அந்த மூணு நாளைக்கு அடுத்த நாள் தேதி."

சொல்லிவிட்டு ஃபைலை மூடினார். அவர் வாதாடிய எத்தனையோ வழக்குகளில், மனைவி பக்கம் நின்று தனக்கு எதிராக ஜெயித்தது அந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

சுமதிதான் அடக்கமாட்டாமல், "ஐயோ, அந்தக்கா ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா ஆறரைக்கு ஆட்டுவனா நானு?" என்றாள் தமிழில். மேனேஜர் அம்மாளுக்கு மொழி புரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. இனிமேல் காலை பத்து மணிக்கு மேல்தான் கிரைண்டர் என்று ஒரு காகிதத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். வீடு தப்பித்தது.

கீழ் வீட்டு அம்மாள் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சுமதி நாலு அடையைத் தட்டில் வைத்து மூடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கதவு ஒரு விரற்கடை திறந்தது. பிறகு முழுதாகத் திறந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்து சொன்னாள்: "அவங்கூருலயும் பச்சப்பயற ஊறவெச்சு அரைச்சு இதே மாதிரி சுடுவாங்களாமா. இங்க அரைக்கறதுக்கு வழியில்லயேன்னு சொன்னாங்க. அடுத்த வாரம் ஊறவெச்சுட்டு வாங்கக்கா, நம்ம கிரைண்டர்ல போட்டுக்கலாம்னுட்டேன்."

"எந்த பாஷையில பேசுனீங்க?"

"அவங்க அவங்க இங்கிலீஷ்ல, நான் என்ர இங்கிலீஷ்ல."

அடுத்த சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு, ஒரு நிமிடம் முன்னும் இல்லை பின்னும் இல்லை, அந்த அம்மாள் ஊறிய பயறுடன் எங்கள் கதவைத் தட்டினார். கல் சுற்றும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காதை மூடிக்கொண்டு சிரித்தார். "என் ஹஸ்பண்ட் ஊருக்கெல்லாம் லாயர். வீட்டுக்கு மட்டும் லாயர் இல்ல" என்றாராம் சுமதியிடம். அதற்குச் சுமதி, "எங்கூட்டுக்காரரு ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் சரி பண்ணுவாரு, எங்கூட்டு டிவி ரிமோட்டு ஒரு வருஷமா வேல செய்யறதில்லீங்க" என்று சொன்னதாகக் கேள்வி.

மேஜர் தனக்குத் தானே ஒரு தண்டனை விதித்துக்கொண்டார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் மனைவி சொல்வதைக் கேட்க வேண்டும். பதில் சொல்லக் கூடாது. நாற்காலியைத் தொடக் கூடாது. "ரொம்பக் கஷ்டப்படறார்" என்றார் அந்த அம்மாள் சந்தோஷமாக. "நெத்தியெல்லாம் வேர்க்குது."

எதிர்த்தரப்பைத் தேடிப்போய்ப் பேசுகிற இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது லிவர்மோர் கோயிலுக்குப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களுக்கு இரண்டாவது பெண் பிறந்து மூன்று மாதம் ஆனதும் கோயிலுக்குக் கிளம்பினோம். அவர்களும் வந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே சிவனும் பெருமாளும் என்று நான் விளக்கினேன். மேஜர் நின்றுவிட்டார்.

"ரெண்டு தரப்பும் ஒரே கட்டடத்திலயா? சண்டை வராதா?"

"அதெல்லாம் இல்ல. அவங்கவங்க பூஜை அவங்கவங்களுக்கு."

இரண்டு சன்னிதியிலும் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சரிசமமாக அதே அளவு குனிந்து கும்பிட்டார். இங்கே கொஞ்சம் கூட, அங்கே கொஞ்சம் குறைய ஆகிவிடக் கூடாது என்று கவனமாக இருந்தது எனக்கே தெரிந்தது. புளியோதரையை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது மலைச்சாலையில் ஒரே டிராஃபிக். கார்கள் ஊர்ந்தன. முன் சீட்டில் இருந்த மேஜர் தானாகவே சொன்னார்.

பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் அவர் அரசுத் தரப்பு வக்கீல். பனிக்காலத்தில் மலைமேல் காவல் நின்ற ஒரு சிப்பாய் நாற்பது நிமிடம் இடத்தைவிட்டுப் போய்விட்டான். எல்லைப் பக்கம் அது பெரிய குற்றம். சிப்பாய்க்கு வாதாட வேண்டிய அதிகாரிக்கு அன்று காலையில்தான் ஃபைல் கையில் கிடைத்திருக்கிறது. அவர் எழுந்து, "மன்றத்தின் கருணைக்கு விடுகிறோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு வருடம் சிறை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பதினோரு நிமிடம்.

"எனக்கு ரொம்பப் பெருமை. பதினோரு நிமிஷத்துல ஜெயிச்ச ஆள்னு பேரு."

சில மாதம் கழித்து வேறு வேலையாக ராணுவச் சிறைக்குப் போனபோது அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தது அந்தச் சிப்பாய். ஏன் அன்றைக்குப் போனாய் என்று போகிறபோக்கில் கேட்டிருக்கிறார். வயிற்றுக் கடுப்பு, நிற்க முடியவில்லை என்றானாம். அதை ஏன் கோர்ட்டில் சொல்லவில்லை? அத்தனை பெரிய அதிகாரிகள் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தவிர, யாரும் கேட்கவில்லை.

"நான் கேட்டிருக்கலாம்" என்றார் மேஜர், முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடி. "அது எதிர்த்தரப்போட வேலைன்னு நினைச்சேன்."

அந்தச் சிறையிலிருந்து திரும்பியதும் தான் ஜெயித்த வழக்கை எதிர்த்துத் தானே மனு எழுதினார். சிப்பாய் சில மாதம் முன்னதாக வெளியே வந்தான். மேஜருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. அரசுத் தரப்பு வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் போய்விட்டார்.

"பாவம், வயித்துக் கடுப்ப எப்படி வாய்விட்டுச் சொல்லுவான்" என்றாள் சுமதி தமிழில். பின் சீட்டிலிருந்து நிலா, "வாட்ஸ் வயித்துக் கடுப்பு?" என்றாள்.

"ஸ்டமக் அப்செட், கண்ணு" என்றாள் சுமதி.

"அதுக்காகவா ஜெயிலு?" என்பதை ஆங்கிலத்தில் கேட்டாள் நிலா. மேஜர் திரும்பி அவளை ரொம்ப மரியாதையாகப் பார்த்தார்.

இவ்வளவு நியாயமான மனிதர் தேர்தலில் நின்றால் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். அபார்ட்மெண்டில் குடியிருப்போர் சங்கத் தலைவர் தேர்தல் வந்தது. பிரச்சினை நீச்சல் குளம். மாலை ஐந்துக்கு மேல் பிள்ளைகளை விடக் கூடாது என்று ஒருவர் கிளம்பியிருந்தார்; பெரிய பிக்கப் டிரக் வைத்திருந்த, தோளில் பச்சை குத்திய வெள்ளைக்காரர். பிள்ளைகள் பக்கம் நிற்க மேஜரைப் பிடித்தோம். நிலாவும் நாலு பிள்ளைகளும் சேர்ந்து கிரேயானில் போஸ்டர் எழுதி மரத்துக்கு மரம் ஒட்டினார்கள்.

கூட்டத்தில் மேஜர் பிள்ளைகளுக்காக ஐந்து நிமிடம் அருமையாகப் பேசினார். கைதட்டினார்கள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். நாற்காலியில் அவர் கை போனதைப் பார்த்ததும் சுமதி, "போச்சு" என்றாள்.

"எனக்கு எதிரா நிக்கறவரை நான் போய்ப் பார்த்தேன்" என்றார் மேஜர். "அவர் ஆஸ்பத்திரில ராத்திரி ஷிஃப்ட். சாயங்காலம்தான் தூங்கறார். ஜன்னலுக்கு நேர் கீழே குளம். நாலு வருஷமா அவர் ஒழுங்காத் தூங்கலை. இதை அவர் யார்கிட்டயும் சொன்னதில்ல. முரடன்னு நாம நினைக்கறோம். தூக்கம் இல்லாத மனுஷன் அவர், அவ்வளவுதான்."

பச்சை குத்தியவர் தலையைக் குனிந்துகொண்டார். தனக்காக அவரேகூட அப்படிப் பேசியிருக்க மாட்டார். ஓட்டை எண்ணிப் பார்த்தபோது அவருக்கு முப்பத்தொன்று, மேஜருக்கு ஒன்பது.

வெளியே குளத்துப் படியில் நிலா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அங்கிள், யூ வேர் சப்போஸ்ட் டு பி ஆன் அவர் சைட்!"

மேஜர் அவளுக்கு எதிரே படியில் உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றப் போய், கழற்றாமலே விட்டார். அவரிடம் வாதம் இல்லாமல் போனதை நான் பார்த்தது அன்றுதான். பிறகு என்னிடம் சொன்னார்: "கோர்ட்ல எதிர்த்தரப்புக்குன்னு ஒருத்தர் இருப்பார். இங்கே இந்தப் பிள்ளைங்களுக்கு என்னைத் தவிர ஆள் இல்ல. அதை மறந்துட்டேன், டூ ஃபோர்ட்டீன்."

இரண்டு வருடம் முடிந்து அவர்கள் ஊருக்குப் போனார்கள். அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு, சாவியை ஒப்படைத்துவிட்டு, எங்கள் கதவில் நின்று இரண்டு பேரும் இடுப்புவரை குனிந்தார்கள். கீழ் வீட்டு அம்மாள் அழுதார். சுமதியும் அழுதாள். கடிதம் போடுவதாகச் சொன்னார், போட்டார். அந்த நுணுக்கி எழுதிய ஆங்கிலம் இப்போது எங்கள் பெயருக்கே வந்தது.

ஒரு கடிதத்தில், இவர் ராணுவத்தை விட்டுவிட்டார் என்றிருந்தது. அடுத்ததில், சொந்த ஊரில் ஒரு சின்ன ஆபீஸ், வருகிறவர்கள் எல்லாம் பட்டாளத்துப் பையன்களின் அம்மாக்கள். மூன்றாவதில்: "இவர் பாராளுமன்றத் தேர்தலில் நிற்கிறார். நான் மிகவும் கோபமாக இருக்கிறேன்."

சுமதி கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "இந்த மனுசன் எதிராளிக்கே ஓட்டுக் கேட்டுப்போட்டு வருவாருங்க. கட்சிக்காரங்களுக்கு யாராச்சும் சொல்லுங்க."

கூடவே ஒரு புகைப்படம். நாற்சந்தியில் தோளில் குறுக்குப் பட்டை, கையில் வெள்ளைக் கையுறை, போகிற வருகிற பஸ்ஸுக்கெல்லாம் குனிந்து வணக்கம் போடுகிறார் மேஜர். பின்னால் ஒலிபெருக்கி கட்டிய லாரி. அதன்மேல் மைக்கைப் பிடித்து நிற்பது அந்த அம்மாள். "உங்கள் கிரைண்டரைவிட அதிகச் சத்தம். நான்தான் செய்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

மீதி அடுத்த கடிதத்தில் வந்தது. தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஒரு புரளி கிளம்பியது. எதிர் வேட்பாளரின் மகன் பொய்யான மருத்துவச் சான்றிதழ் கொடுத்துப் பட்டாளத்துக்குப் போகாமல் தப்பித்துவிட்டான் என்று. அந்த நாட்டில் அதைவிடப் பெரிய அவமானம் ஒரு குடும்பத்துக்கு இல்லை. எல்லோரும் மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்போடு இருப்பவர்கள். ஊர் கொதித்தது. மேஜரின் கட்சிக்காரர்கள் வந்து, "நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். ராணுவ வக்கீல் நீங்கள் பேசாமல் இருந்தாலே போதும், ஊர் நம்பிவிடும்" என்றார்கள்.

மேஜர் பஸ் ஏறி எதிர் வேட்பாளர் வீட்டுக்கே போனார். மகனின் காகிதங்களை வாங்கிப் பார்த்தார். மகனையும் பார்த்தார். மறுநாள் அதே நாற்சந்தியில் மைக்கை மனைவியிடமிருந்து வாங்கி, "அந்தப் பையனுக்கு வலிப்பு நோய். சான்றிதழ் உண்மை. அதைச் சொல்ல அவனுக்கு வெட்கம், அதனால் குடும்பம் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. அவன் அனுமதி கொடுத்ததால் நான் சொல்கிறேன். இதற்காக அவன் அப்பாவுக்கு ஓட்டுப் போடாமல் இருந்தால் பாவம்" என்றார். கட்சிக்காரர்கள் லாரியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போய்விட்டார்களாம். ஆனால் மேஜர் மைக்கைக் கொடுக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "அவர் மகன் விஷயம் முடிந்தது. இனி என் விஷயம்" என்று, பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும், அதை எதிர் வேட்பாளர் ஏன் செய்ய மாட்டார், தான் ஏன் செய்வேன் என்று முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பேசியிருக்கிறார். "ஒரு அடி நகரவில்லை" என்று அந்த அம்மாள் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தார்.

ஜெயித்தார். ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்புகிற அளவு ஓட்டு வித்தியாசம். அந்தப் பேச்சினால் ஜெயித்தாரா, அந்தப் பேச்சையும் மீறி ஜெயித்தாரா என்று இன்றுவரை அந்த ஊரில் யாருக்கும் தெரியாதாம். கட்சி மன்னிக்கவில்லை, சபையில் கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

கடைசியாக அவரைப் பார்த்தது இரண்டாயிரத்து ஒன்றில். முளைத்த கம்பெனிகள் எல்லாம் அதே வேகத்தில் மூடிக்கொண்டிருந்தன. எனக்கு வேலை போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றது. உடனே வேறு வேலை கிடைக்காவிட்டால் நாலு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஒரு கறுப்புக் கார் நின்றது. ஏதோ பாராளுமன்றக் குழுவோடு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தவர், அரை மணி நேரம் திருடிக்கொண்டு வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. இரண்டு உதவியாளர்கள் காரிலேயே இருந்தார்கள்.

வேலை போனதை நான் சொல்லவில்லை. நாங்கள் எல்லாம் சௌக்கியம் என்றேன். சுமதி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நேராகச் சொல்லிவிட்டாள்: "ஜாப் கான், மேஜர் சார். இவர் சொல்ல மாட்டாரு."

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், ஒன்பது நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்துவிட்டது. என் டைரக்டர் வெள்ளிக்கிழமை காலை எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டிக் கைகுலுக்கியதும், மத்தியானம் அதே கையால் அட்டைப் பெட்டியைக் கொடுத்ததும், என் விசா நிலைமை தெரிந்திருந்தும் ஒரு வாரம் முன்னால் காதில் போடாததும், காவலாளி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி என் மேஜையைக் காலி செய்ய வைத்ததும். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று வைத்திருந்தேன். அழுதேன்.

அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடித்தேன். இப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அந்த டைரக்டருக்கு மேலே ஒரு ஆள் இருப்பான், அவனுக்கும் குடும்பம் உண்டு, பட்டியல் அவன் போட்டதாக இருக்காது. எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். அதைக் கேட்கிற திராணி எனக்கு இல்லை. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஜர் இருந்த இடத்திலேயே இருந்தார். "அவன் கெட்ட ஆள்" என்றார்.

சுமதிக்குக் கையில் இருந்த கரண்டி நழுவியது. "அவரு சைடுன்னு ஒண்ணு இருக்குமே, மேஜர் சார்?" என்றாள்.

"இருக்கும். அதை அவன் வீட்டுல யாராவது சொல்லட்டும். இது டூ ஃபோர்ட்டீன் வீடு." பிறகு என் தோளில் கையை வைத்து, இன்னும் அழுத்தமாக, "ரொம்பக் கெட்ட ஆள்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. உதவியாளர் வந்து கதவைத் தட்டி நேரமாயிற்று என்றான். மேஜர் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சாப்பாட்டு மேஜையில் பவ்யமாக உட்கார்ந்தார்கள். அன்று சாயங்காலம் அவர் போயிருக்க வேண்டிய விருந்து ஏதோ ஒன்று அவரில்லாமல் நடந்திருக்கும். சுமதி தோசையாக ஊற்றித் தள்ளினாள். மேஜர் என் விசா காகிதங்களை எல்லாம் எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொன்றாகப் படித்து, யாருக்கு என்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார்.

ஆறு வாரம் கழித்து எனக்கு டெக்சாஸில் இர்விங்கில் வேலை கிடைத்தது. அங்கே மாறிவிட்டோம். அவர் குறித்துக் கொடுத்ததில் பாதிக்கு மேல் பயன்பட்டது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஞாபகம் இருப்பது அந்தத் தாள் இல்லை. கார் கிளம்பி, தெருமுனை வரை போய், நின்றது. பின் சீட்டு ஜன்னல் கண்ணாடி இறங்கியது. ஒரு நாட்டின் பாராளுமன்ற உறுப்பினர் இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டு, உதவியாளர்கள் உள்ளே இழுக்க இழுக்க, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஆங்கிலத்தில் கத்தினார்:

"டூ ஃபோர்ட்டீன்! கெட்ட ஆள்! சந்தேகமே இல்லை!"